குழந்தையின் இரைப்பையை அளந்த வரலாறு

திருக்குறளிலே மருந்து என்னும் அதிகாரத்தைப் பயின்றோர் ஒரு செய்தியைக் கண்டிருப்பர். மூலிகைகளின் பெயர்களையோ அவற்றைக் காய்ச்சும் முறைகளையோ வள்ளுவர் அங்குக் கூறினாரல்லர். முன்னர் உண்டது அற்றுப்போயிற்றா என்று தெரிந்து பின்னர் உண்ணும் ஒழுக்கத்தையே அவர் முதன்மையாக வைத்தார். அற்றுப்போனமையைத் தெரிந்துகொள்வது எங்ஙனம்? அதற்கும் உரைகாரராகிய பரிமேலழகர் வழி காட்டியுள்ளார். உடம்பின் பாரம் நீங்குதல், ஏப்பம் தூய்மையாதல், பசி மிகுதல் முதலியன அவர் கூறும் அடையாளங்கள். வளர்ந்த ஒருவனுக்கு இவ்வடையாளங்கள் போதியன. பிறந்து இருபது நாளேயான குழந்தைக்கோ இவை உதவா. அது பசித்தாலும் அழும். துணி நனைந்தாலும் அழும். வயிறு நொந்தாலும் அழும். அது விடும் ஏப்பமோ பாலுடன் சேர்த்து விழுங்கிய காற்றேயன்றி வேறன்று.

வீட்டிலே இந்த வேறுபாடுகளைத் தாய் தன் பழக்கத்தினால் உணர்ந்துகொள்கிறாள். அவளுடைய மதிப்பு ஒரு வேளை பிழைத்தாலும் பெருந்தீங்கு நேர்வதில்லை. சிறிது பால் கக்கப்படும், அவ்வளவே. ஆயினும் மதிப்பு மாத்திரம் போதாத இடங்கள் இரண்டு உள. ஒன்று, மாதம் நிரம்புமுன் பிறந்த குழந்தைகளை வளர்க்கும் வைத்தியசாலைப் பகுதி. அங்குள்ள குழந்தைகளுக்கு உறிஞ்சவும் வலுவில்லை. மெல்லிய குழாய் வழியாகவே பால் இரைப்பைக்குள் செலுத்தப்படுகின்றது. முன்னைய பால் நீங்குமுன் பின்னைய பாலைச் செலுத்தினால், அது மேலெழுந்து சுவாசப்பையுட் புகுந்துவிடலாம். அஞ்சிக் குறைத்துக் கொடுத்தாலோ குழந்தை வளராது. மற்றையது சத்திரசிகிச்சைக் கூடம். அங்கு நேரும் இடர் எத்தகையது என்பதை 1946 ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரத்து வைத்தியர் கேட்டிஸ் மெண்டல்சன் விரிவாக எடுத்துக்காட்டினார்.

மெண்டல்சன் மகப்பேற்று வைத்தியர். 1932 முதல் 1945 வரை தமது வைத்தியசாலையிற் பதிவான 44,016 கர்ப்பங்களை ஆராய்ந்தபோது, மயக்க மருந்து பெற்ற தாய்மாருள் 66 பேருக்கு இரைப்பையிலிருந்தவை மேலெழுந்து மூச்சுக்குழாயினுட் சென்றமையை அவர் கண்டார். விழித்திருப்பவனுக்கு அவ்வாறு நேர்ந்தால் இருமல் அவனைக் காக்கும். மயக்கத்திலிருப்பவனுக்கு அக்காவல் இல்லை. முயல்களிலே செய்த சோதனைகளால், சுவாசப்பையைப் புண்ணாக்குவது இரைப்பை நீரிலுள்ள அமிலமே என்பதையும் அவர் நிறுவினார். அதன்பின் நள்ளிரவு கழிந்தால் நோயாளிக்கு வாய் வழியாக எதுவும் கொடுத்தலாகாது என்னும் கட்டளை உலகெங்கும் உறுதிப்பட்டது. கட்டளை நல்லெண்ணத்திற் பிறந்ததுதான். ஆனால், மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பால் உண்ணும் சிசுவுக்கும், இராப்போசனம் முடித்து உறங்கும் பெரியவனுக்கும் ஒரே கட்டளை பொருந்துமா? பொருந்தாது என்று சொல்வது எளிது. எத்தனை மணித்தியாலம் பொருந்தும் என்று சொல்லுதற்கு அளவு வேண்டும். இரைப்பையோ உடம்பினுள்ளே மறைந்து கிடப்பது. அதன் உடையவனோ பேசத் தெரியாதவன்.

மறைந்துள்ள இவ்வுறுப்பினுள் நோக்கும் முயற்சி பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தொடங்கிற்று. பிரான்சு தேசத்து அறிஞர் றெயோமூர், உணவை உலோகக் குழல்களில் இட்டுப் பருந்தொன்றை விழுங்கச் செய்து, அது கக்கிய குழல்களை ஆராய்ந்தார். இத்தாலியராகிய ஸ்பலன்சானி ஒரு படி மேற்சென்று, துணிப்பைகளிலும் குழல்களிலும் உணவை வைத்துத் தாமே விழுங்கினார். உணவு அரைபட்டு மாத்திரம் மாறுவதன்று, இரைப்பையில் ஊறும் நீரினாற் கரைகின்றது என்பது இவர்களால் தெளிவாயிற்று. எவ்வளவு நேரத்திற் கரைகின்றது என்பதைக் காண மனித இரைப்பைக்கு ஒரு சாளரம் வேண்டியிருந்தது. அச்சாளரத்தை ஒரு துப்பாக்கி திறந்துவிட்டது.

1822 ஆம் ஆண்டு ஜூன் 6 ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் வட எல்லையிலுள்ள மக்கினோ தீவில், மென்மயிர்த்தோல் வாணிகம் செய்யும் கம்பனியொன்றின் கடையிலே, தற்செயலாக ஒரு துப்பாக்கி வெடித்தது. அருகே நின்ற அலெக்சிஸ் சென் மார்த்தின் என்னும் கனடிய இளைஞன் இடப்பக்கத்திலே படுகாயமுற்றான். படையினரின் வைத்தியராக அங்கிருந்த வில்லியம் போமொன்ற் அவனுக்குச் சிகிச்சை செய்தார். பிழைக்கமாட்டான் என்று கருதப்பட்டவன் பிழைத்தான். ஆனால் காயம் முற்றாக மூடவில்லை. இரைப்பையின் சுவர் காயத்தின் விளிம்போடு ஒட்டி, வெளியிலிருந்து உள்ளே நோக்கத்தக்க துவாரம் ஒன்று நிலைத்துவிட்டது. நாளடைவில் இரைப்பையின் உட்படையே மடிந்து அத்துவாரத்துக்குக் கதவு போலாயிற்று. விரலால் தள்ளினால் திறக்கும்.

1825 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் முதலாந் திகதி நண்பகலிலே போமொன்ற் தம் முதற் சோதனையைத் தொடங்கினார். பல வகையான மாட்டிறைச்சி, உப்பிட்ட பன்றியிறைச்சி, பழைய பாண், பச்சைக் கோவா ஆகியவற்றின் சிறு துண்டுகளைப் பட்டு நூலிற் கோத்துத் துவாரத்தின் வழியே இரைப்பைக்குள் இறக்கினார். மணித்தியாலத்துக்கு ஒருமுறை நூலை இழுத்துப் பார்த்தார். முதன் மணித்தியாலத்திற் கோவாவும் பாணும் ஏறத்தாழ அரைவாசி கரைந்திருந்தன. இவ்வாறு தொடங்கிய சோதனைகள், இடையிடையே நின்றும் தொடர்ந்தும், 1833 இல் அவர் நூல் வெளியிடும்போது இருநூற்றுக்கு மேற்பட்டிருந்தன. அந்நூலிலுள்ள அட்டவணை பெயர் பெற்றது. அவித்த சோறு ஒரு மணித்தியாலம். காய்ச்சிய பால் இரண்டு மணித்தியாலம். காய்ச்சாத பால் இரண்டேகால். வாட்டிய பன்றியிறைச்சி ஐந்தேகால். மனித இரைப்பையில் உணவு தங்கும் நேரம் கடிகாரத்தால் அளக்கப்பட்டு இங்ஙனம் அட்டவணையாக வந்தது, ஒரு மனிதனுடைய காயத்தின் பயனாகவே.

அம்மனிதனைப் பற்றியும் ஒரு சொல் கூறாதிருத்தல் நீதியன்று. சென் மார்த்தின் எழுத்தறியாத ஏழை. அவன் வைத்தியரிடமிருந்து ஒருமுறை கனடாவுக்கு ஓடியும் போனான். வறுமையே அவனை மீட்டும் கொணர்ந்தது. ஆண்டுக்கு 150 டொலரும் ஊணும் உறையுளும் பெற்றுத் தன் இரைப்பையைச் சோதனைக்கு ஒப்படைப்பதாக 1832 இல் அவன் ஒப்பந்தம் செய்யவும் நேர்ந்தது. போமொன்றின் புகழ் பெரிதாயிற்று. இவன் முன்போலவே ஏழையாகவிருந்தான். 1880 இல் அவன் இறந்தபோது, அறிவாராய்ச்சியின் பெயரால் வைத்தியர் எவரும் உடலை எடுத்துச் செல்லாதிருக்கும் பொருட்டு, அவன் குடும்பத்தினர் அதனை அழுகும் வரை வைத்திருந்து ஆழமான குழியிற் புதைத்தனர். இரைப்பையை அளந்த வரலாற்றைப் போற்றுவோர் இச்செய்தியை விரைந்து கடந்துவிடுதல் வழக்கம். அந்தக் குடும்பத்துக்கு அறிவியல் எவ்வாறு தோன்றியது என்பதை இதைக்காட்டிலும் தெளிவாக எதுவும் உரைக்காது.

அட்டவணையிற் கண்ட பால் பசுவின் பால், குடித்தவனும் குழந்தையல்லன். குழந்தையின் இரைப்பையை அறியவேண்டுமாயின் காயமின்றி உள்ளே நோக்கும் வழி வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே ஜேர்மன் வைத்தியர்கள் இரைப்பைக்குட் குழாய் செலுத்திச் சோதிக்கும் முறையைப் பரப்பினர். உள்ளே எஞ்சியதை வெளியே இழுத்து அளப்பது எளிய செயல்தான். ஆனால், இழுத்தபின் அளப்பதற்கு உள்ளே ஒன்றுமிராது. இருபது நிமிடத்தில் எவ்வளவு, நாற்பது நிமிடத்தில் எவ்வளவு என்று அறிய வேண்டுமானால் வெவ்வேறு நாள்களில் வெவ்வேறு முறை ஊட்டி இழுக்கவேண்டும்.

1895 இன் இறுதியில் ரொண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டார். ஓராண்டு சென்றதும், ஹாவார்ட் மருத்துவக் கல்லூரியில் மாணவனாகவிருந்த வோல்ற்றர் கனன், தம் ஆசிரியர் பௌடிச்சின் தூண்டுதலால், விழுங்கும் உணவை அக்கதிர்களின் துணைகொண்டு பார்க்க முற்பட்டார். உணவு கதிரை மறைப்பதன்று. ஆகவே கதிரை மறைக்கும் பிசுமது உப்பு ஒன்றை அதனுடன் பிசைந்தார். முதலில் நாயும் வாத்தும், பின்னர் பூனைகளும் அவருக்கு உதவின. 1898 இல் வெளிவந்த அவருடைய கட்டுரையிலே, இரைப்பையின் நடுவிலிருந்து கீழ்வாய் நோக்கி அலை அலையாகச் சுருக்கங்கள் செல்லுதலும், கீழ்வாய் இடையிடையே திறந்து உணவைச் சிறிது சிறிதாகக் குடலுக்குள் விடுதலும் கண்ணாற் கண்டவாறே கூறப்பட்டன. மாப்பொருள் விரைவாகவும், புரதம் அதன் பின்னும், கொழுப்பு யாவற்றிலும் தாமதமாகவும் நீங்குகின்றன என்று பின்னர் அவர் காட்டினார்.

கனன் தேடாமலே கண்டதொன்றும் உண்டு. சில பூனைகள் கட்டப்பட்டதும் சினந்து திமிறின. அவ்வேளை இரைப்பையின் அலைகள் அறவே நின்றன. தடவிக்கொடுத்து அமைதியுறச் செய்ததும் அலைகள் மீண்டன. சினமும் அச்சமும் உடம்பிற் செய்யும் மாறுதல்களைப் பற்றிப் பிற்காலத்தில் அவர் எழுதிய பெருநூலுக்கு இப்பூனைகளே வித்திட்டன. குழந்தையை அளக்கப் புகுவோருக்கோ இது ஓர் எச்சரிக்கையாயிற்று. அழவைத்து அளந்தால், அளக்கப்படுவது பால் நீங்கும் வேகமன்று. அழுகை அதனைத் தடுக்கும் வேகமே. கதிர்களின் கொடுமையை அறியாத காலத்தில் வேலை செய்த கனனின் தோலிலே அவை வடுச்செய்தன. வாழ்நாளின் பிற்பகுதி முழுவதும் அவர் அத்தோல் நோயால் வருந்தினார்.

பிசுமது உப்பிலிருந்த நைத்திரேற்று, குடலிலுள்ள நுண்கிருமிகளால் நஞ்சாக மாறக்கூடியது என்பதும் மெல்லத் தெரியவந்தது. அதனால் உயிரிழப்புகளும் நேர்ந்தன. 1910 அளவில் பேரியம் சல்பேற்று அதன் இடத்தைப் பெற்றது. பேரியத்தைப் பாலிற் கலந்து குழந்தைகளுக்கு ஊட்டிப் படம் எடுத்தனர். ஆயினும் பேரியம் கலந்த பால் பாலன்று, அது கனத்தது. படம் நிழலைக் காட்டுமேயன்றி நிழலினுள் எத்தனை மில்லிலீற்றர் உண்டு என்பதைக் காட்டாது. அன்றியும் குழந்தை ஒவ்வொரு படத்துக்கும் கதிரை ஏற்கவேண்டும்.

இரைப்பை வெறுமையாகாமையே நோயாகும் குழந்தைகளும் உளர். பிறந்து சில வாரங்களில் உண்ட பாலையெல்லாம் வேகத்தோடு வாந்தியெடுத்து, எடுத்தவுடன் பசியால் மீண்டும் உண்ணத் துடிக்கும் குழந்தையை இன்று வைத்தியர் கண்டவுடன் ஐயுறுவர். அக்குழந்தையின் இரைப்பைக் கீழ்வாயைச் சுற்றியுள்ள தசை தடித்துப் பாதையை நெருக்கியிருக்கும். கோபனேகன் நகரத்துக் குழந்தை வைத்தியர் ஹரால்ட் ஹிர்ஷ்ப்ருங் 1887 இல் இந்நோயைத் தெளிவாக விளக்கினார். அதன்பின்னும் ஏறத்தாழ கால் நூற்றாண்டு இக்குழந்தைகளுட் பெரும்பாலோர் பட்டினியாலேயே மாண்டனர். ஜேர்மனியில் கொன்ராட் ராம்ஸ்டெட் 1911 இல் ஒரு குழந்தையின் தடித்த தசையைப் பிளந்தார். பிளந்ததைக் குறுக்காகத் தைக்க முயன்றபோது தையல் தசையை அறுத்துக்கொண்டு வந்துவிட்டது. வேறு வழியின்றித் திறந்தவாறே விட்டார்; குழந்தை பிழைத்தது. அடுத்த குழந்தைக்குத் தைக்க முயலவேயில்லை. இன்றளவும் செய்யப்படும் சத்திரசிகிச்சை அதுவே.

நோயற்ற குழந்தையின் வேகத்தை இலக்கத்திற் கூறும் முறைக்கு வருவோம். 1951 இல் இலண்டன் நகரத்து ஹண்ட், ஸ்பரல் என்னும் இருவர், குடிக்கும் திரவத்தில் உடம்பு உறிஞ்சாத சாயம் ஒன்றைக் கலந்து, இரைப்பை வெறுமையாகும் ஒழுங்கை ஆராய்ந்தனர். நிமிடத்துக்கு இத்தனை என்று ஒரே அளவாக அது நீங்குவதில்லை. உள்ளே மிகுதியாக இருக்கும்போது மிகுதியாகவும், குறைந்தபோது குறைவாகவும் நீங்குகின்றது என்று அவர்கள் கண்டனர். 1968 இல் ஜோர்ஜ் என்பவர் அம்முறையைத் திருத்தினார். அத்திருத்தம் நம் வீட்டுப் பானையிலும் விளங்கக்கூடியது. பானையில் எவ்வளவு நீர் உண்டென்று தெரியாது. அதனைக் கவிழ்த்துப் பார்த்தலும் ஆகாது. பத்து மில்லிகிராம் சாயத்தை இட்டுக் கலக்கி, ஒரு துளி எடுத்துப் பார்க்கிறோம். ஒரு மில்லிலீற்றருக்கு 0.2 மில்லிகிராம் சாயம் இருக்குமானால், பானையிலுள்ள நீர் 50 மில்லிலீற்றர். சிறிது நேரத்தின் பின் இன்னும் கொஞ்சம் சாயம் இட்டு, நிறம் எவ்வளவு ஏறிற்று என்று கண்டால், அப்போதுள்ள அளவும் தெரிந்துவிடும். இரைப்பையை வெறுமையாக்காமலே, ஒரே ஊட்டலிற் பலமுறை அளக்க இம்முறை இடமளித்தது.

பிறந்த சிசுக்களிலே இம்முறையைக் கையாண்டு வைத்தியர் யூ 1975 இல் வெளியிட்ட முடிவு சுவையானது. குழந்தை குப்புறக் கிடக்கும்போதும் வலப்பக்கம் சாய்ந்து கிடக்கும்போதும் இரைப்பை விரைவாக வெறுமையாகின்றது. மல்லாந்தும் இடப்பக்கம் சாய்ந்தும் கிடக்கும்போது தாமதிக்கின்றது. கீழ்வாய் வலப்புறத்தே இருத்தலின் இது வியப்பன்று. ஆயினும் இது வைத்தியசாலையிலே கண்காணிப்பில் உள்ள குழந்தைக்கு உரிய செய்தி. வீட்டில் உறங்கும் குழந்தையை மல்லாத்தியே கிடத்தவேண்டும் என்பது பின்னர் பல நாடுகளிலும் உறுதிசெய்யப்பட்ட விதி. குப்புறக் கிடத்துதல் உறக்கத்திலே நேரும் திடீர் மரணத்துக்கு இடமாகும் என்று கண்டபின் எழுந்தது அவ்விதி.

சாய முறையிலும் குழாய் இருந்தது. குழாய் உள்ளவிடத்து அழுகையும் உண்டு. ஆதலின் குழாயை நீக்கும் வழிகள் தேடப்பட்டன. 1966 இல் வேல்ஸ் நாட்டுக் கார்டிப் நகரத்தினர், கதிர்த்தொழிற்பாடுள்ள குரோமியம் சிறிதளவு கலந்த உணவைப் பெரியோருக்கு ஊட்டி, வயிற்றின் மேல் வைத்த கருவியால் அதன் குறைவை அளந்தனர். அடுத்த பத்தாண்டிலே இத்தகைய முறை குழந்தைகளின் பாலுக்கும் வந்தது. அளவு நுட்பமானது. எனினும் நோயற்ற குழந்தைக்கு, அறிவு வேட்கையின் பொருட்டு மாத்திரம், எத்துணைச் சிறிதாயினும் கதிர்த்தொழிற்பாடுள்ள பொருளை ஊட்டலாமா என்னும் வினா எழுந்தே தீரும்.

இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரத்தார் 1980 களில் வேறு வழி கண்டனர். வயிற்றைச் சுற்றிப் பதினாறு மின்வாய்களை ஒட்டி, உணரவியலாத சிறு மின்னோட்டத்தைச் செலுத்தி, உள்ளேயுள்ள பொருள் மின்னைக் கடத்தும் வேறுபாட்டால் இரைப்பையின் நிறைவைப் படமாக்கினர். கீழ்வாய் நெருங்கிய குழந்தைகளிலும் அதனைப் பயன்படுத்தினர். குழந்தை புரண்டாற் படம் கலையும்; இரைப்பையில் அமிலம் ஊறினாலும் கணக்குத் தவறும். அறிவு மிகுந்த முறையே. ஆனால் நாடோறும் வழங்குவதற்கு ஏற்றதாகவில்லை.

நிலைத்தது ஒலியின் முறை. செவிக்கு எட்டாத கழியொலியை உடம்பினுள் செலுத்தி, அதன் எதிரொலியாற் படம் காணும் கருவி, கருப்பையிலுள்ள சிசுவைப் பார்ப்பதற்கு ஏற்கெனவே வழங்கிவந்தது. 1980 களின் முற்பகுதியில் அது இரைப்பையின் மேலும் வைக்கப்பட்டது. இரைப்பை கீழ்வாயை நெருங்கும் பகுதியின் குறுக்குப் பரப்பை அளப்பர். உண்ணுமுன் ஒருமுறை, உண்டவுடன் ஒருமுறை, பின்னர் பழைய அளவுக்கு மீளும்வரை பலமுறை. குழந்தைக்கு ஊசியில்லை, குழாயில்லை, கதிருமில்லை. வயிற்றிற் சிறிது களிம்பு பூசப்படுகின்றது. அது உறங்கியும் விடலாம்.

இம்முறையால் பேர்மிங்ஹாம் நகரத்து வைத்தியர்கள் மாதம் நிரம்பாத குழந்தைகளை ஆராய்ந்து 1994 இல் வெளியிட்ட முடிவு, இவ்வரலாற்றின் நடுநாயகமானது. தாய்ப்பால் ஊட்டியபோது அளவு பாதியாகக் குறைதற்குச் சராசரியாக 36 நிமிடம் சென்றது. பால்மாவிலிருந்து செய்த பாலுக்கோ 72 நிமிடம். தாய்ப்பாலின் வேகம் சரியாக இருமடங்கு. பாதியாகும் நேரம் என்பதன் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். 60 மில்லிலீற்றர் உட்கொண்டதாகவும், ஒவ்வொரு தவணையிலும் எஞ்சியதிற் பாதி நீங்குவதாகவும் கொள்வோம். தாய்ப்பால் 36 நிமிடத்தில் 30 ஆகும். 72 இல் 15. 108 இல் ஏழரை. மற்றைய பால் அந்த ஏழரையை அடைதற்கு 216 நிமிடம் வேண்டும். இயற்கையிலே வேகம் இவ்வளவு ஒழுங்காக இராது. கருவி கண்டதும் பரப்பேயன்றிக் கொள்ளளவு அன்று. ஆயினும் இரண்டுக்குமிடையிலுள்ள தூரம் எவ்வளவு என்பது இதனால் விளங்கும்.

ஏன் இவ்வேறுபாடு? பால் இரைப்பையை அடைந்ததும் திரைகின்றது. அடுப்பிலுள்ள பாலிற் புளி விழுந்தால் நிகழ்வதே அங்கும் நிகழ்கின்றது. கட்டியாகத் திரையும் புரதம் கேசீன் எனப்படும். தெளிந்த நீரிலே நிற்கும் புரதங்கள் வேறு. பசுப்பாலின் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். முதிர்ந்த தாய்ப்பாலில் அது ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கே. ஆதலின் பசுப்பால் இறுகிய பெருங்கட்டியாகவும், தாய்ப்பால் மெல்லிய சிறுதுகளாகவும் திரைகின்றன. கீழ்வாய் துகளை விடும். கட்டியைக் கரையும்வரை நிறுத்திவைக்கும். பால்மா செய்வோர் இதனை அறிந்து, தெளிநீர்ப் புரதத்தைக் கூட்டித் தாய்ப்பாலின் அளவை ஒப்பச் செய்ய முயல்கின்றனர். அளவை ஒப்பச் செய்யலாம். கேசீனின் தன்மையையும் கொழுப்புத் துளிகளின் அமைப்பையும் முற்றாக ஒப்பச் செய்தல் எளிதன்று.

ஒரு கருவியை மாத்திரம் நம்பி முடிவு கூறலாகாதென்பது ஆராய்ச்சியின் ஒழுக்கம். பெல்ஜியத்தின் லூவன் நகரத்தார் முற்றிலும் வேறான வழியில் இதனைச் சோதித்தனர். காபனுக்குச் சற்றுக் கனத்த சமதானி ஒன்று உண்டு; அது இயற்கையில் எங்கும் உள்ளது, கதிர்த்தொழிற்பாடு அற்றது. அதனைக் கொண்ட ஒரு கொழுப்பமிலத்தைப் பாலிற் கலந்து ஊட்டினர். அவ்வமிலம் இரைப்பையில் இருக்கும்வரை மாறாது. குடலை அடைந்ததும் உறிஞ்சப்பட்டு ஈரலில் எரிந்து காபனீரொட்சைட்டாகி மூச்சில் வெளிவரும். ஆகவே குழந்தையின் மூச்சைச் சேர்த்துச் சோதித்தால், பால் எப்போது இரைப்பையை விட்டு நீங்கிற்று என்பது தெரியும். 1999 இல் வெளியான அவர்கள் முடிவிலும் தாய்ப்பாலே முந்திற்று. ஒலி காட்டியதை மூச்சும் காட்டிற்று.

இவ்வளவும் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு எவ்வாறு வந்தது? நள்ளிரவுக் கட்டளையின் கீழ்க் குழந்தைகள் பட்டகடுமை சொல்லுந்தரமன்று. பட்டியலிற் பெயர் பின்னே தள்ளப்பட்ட குழந்தை நண்பகல் வரை அழுதுகொண்டிருக்கும், நீர் வற்றும், குருதியிற் சர்க்கரை தாழும், பால் சுரந்தும் கொடுக்க இயலாத தாய் அருகிலே நிற்பாள். அச்சத்தாலும் அழுகையாலும் இரைப்பையின் அலைகள் நிற்கும் என்று கனனின் பூனைகள் காட்டியதையும் இங்கு நினைத்துக்கொள்ளலாம். 1999 இல் அமெரிக்க மயக்கமருந்து வைத்தியர் சங்கம், அதுவரை திரண்ட அளவுகளை ஆராய்ந்து, தெளிந்த நீருக்கு இரண்டு மணித்தியாலமும், தாய்ப்பாலுக்கு நான்கும், பால்மாப் பாலுக்கு ஆறும் என்று வகுத்தது. தாய்ப்பாலும் பிற பாலும் ஒன்றல்ல என்பது அங்ஙனம் விதியினுள்ளேயே இடம்பெற்றது. 2022 இல் ஐரோப்பிய வைத்தியர்கள், குழந்தைகளுக்கு அவ்விடைவெளியை இன்னும் சுருக்கினர்: தெளிந்த நீருக்கு ஒன்று, தாய்ப்பாலுக்கு மூன்று, பால்மாப் பாலுக்கு நான்கு.

பாதியாவதற்கு 36 நிமிடம் எனக் கண்டபின்பும் மூன்று மணித்தியாலம் எதற்கு என்று கேட்கலாம். சராசரி என்பது பல குழந்தைகளைச் சேர்த்த கணக்கு. மேசைமேற் கிடப்பதோ ஒரே குழந்தை. அது எல்லாரினும் தாமதமாக வெறுமையாகும் குழந்தையாகவும் இருக்கலாம். ஐயமிருப்பின், கருவியை அதன் வயிற்றில் வைத்து அவ்விடத்திலேயே பார்த்துக்கொள்ளும் வழக்கமும் சில வைத்தியசாலைகளில் வந்துவிட்டது. மாதம் நிரம்பாக் குழந்தைகளின் பகுதியிலோ பல இடங்களில் இன்றும் தாதியர், அடுத்த பாலைச் செலுத்துமுன் குழாயிலிருந்து எஞ்சியதை இழுத்துப் பார்க்கும் பழைய முறையையே கைக்கொள்கின்றனர். அது தேவைதானா என்னும் விவாதமும் நடந்துவருகின்றது.

காலை எட்டு மணிக்குச் சத்திரசிகிச்சை குறிக்கப்பட்ட ஒரு சிசுவை எண்ணிப் பார்ப்போம். பழைய கட்டளைப்படி அதன் கடைசிப் பால் நள்ளிரவோடு முடிந்தது. 1999 ஆம் ஆண்டின் விதிப்படி அது தாய்ப்பாலை நான்கு மணி வரையும், 2022 ஆம் ஆண்டின் விதிப்படி ஐந்து மணி வரையும் உண்ணலாம். பால்மாப் பாலாயின் 2022 ஆம் ஆண்டின் விதிப்படி நான்கு மணியுடன் நிறுத்தவேண்டும். இவற்றுள் எவ்விதியைக் கைக்கொள்வது என்பதை அந்த வைத்தியசாலையின் மயக்கமருந்து வைத்தியரே முதல் நாள் மாலையில் தாய்க்குச் சொல்வார்.